பின்சந்தில் இறங்கிய அக்கா

அக்காவின் ஓராண்டு திதிக்கு வந்து எங்களோடு உட்கார்ந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம்.

அக்கா மாவ்பியில், எங்கள் தோட்டத்து வீட்டில் பிறந்தார்கள். அம்மா சீக்கிரமே காலமாகிவிட, எங்களுக்குச் சோறு பொங்கிப் போட்டதோடு அப்பாவுடன் காய்கறித் தோட்டத்திலும் பாடுபட்டார்கள். திருமணமாகிப் பட்டணத்துக்கு வந்து, தாமுவேயில் ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியேறினார்கள். அங்கே பின்சந்துதான் எல்லோருக்கும் குப்பைத்தொட்டி. மேலிருந்து விழும் பைகள் சாக்கடையை அடைக்கும். மழை பெய்தால் கறுப்புத் தண்ணீர் அடுப்படிக்குள் வரும்.

அக்கா யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. நான் பஜாரில் காய் இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்புவதைப் பார்த்து, "தம்பி, சும்மாதானே போற? எங்க கட்டடத்துக் காய்த்தோல், பழஞ்சோறு எல்லாத்தையும் ஏத்திட்டுப் போ. மக்க வச்சா தோட்டத்துக்கு ஆகும்" என்றார்கள். மாடி மாடியாக ஏறி, ஈரக்குப்பையைத் தனி வாளியில் சேர்க்கச் சொன்னார்கள். பர்மியர், தமிழர் எல்லோரும் கேட்டார்கள். சந்தில் தரை தெரிந்தது. என் கத்தரிச் செடிகளும் செழித்தன.

பிறகு பெட்ரோல் கிடைக்காமல் என் வண்டி நின்றது. குப்பை வண்டியும் எப்போதாவதுதான் வந்தது. மூன்றாம் மாடியில் குடியிருந்து மீன் விற்கும் முஸ்லிம் அம்மா, நாங்கள் எல்லோரும் கூப்பிடுகிற ராத்தா, பழையபடி பையை வீசியதை அக்கா பார்த்துவிட்டார்கள்.

"ராத்தா, சாக்கடை அடைச்சிக்கும். போடாதீங்க."

"தெரியும்மா. குப்பை வண்டியும் வரல, ஒன் தம்பி வண்டியும் வரல. மீன் கழிவை வீட்டுக்குள்ள எத்தனை நாளைக்கு வச்சிக்கிறது? நீயே சொல்லு."

 

மழை பிடித்ததும் அக்கா சாக்கடை அடைப்பைக் குத்தியெடுக்க மூங்கில் கழியோடு தனியாகச் சந்தில் இறங்கினார்கள். காலில் கண்ணாடி கீறியது. காய்ச்சல் வந்து கண் மஞ்சளானது. அந்த அழுக்குத் தண்ணீரால் வந்த எலிக்காய்ச்சல் என்றார் டாக்டர்.

"சந்துல தண்ணி வடிஞ்சிருச்சா?" என்று படுக்கையிலிருந்து அத்தானிடம் கேட்டார்கள்.

"வடிஞ்சிருச்சு, நீ தூங்கு" என்றார் அத்தான். வடியவில்லை. அக்கா அதன்பின் பேசவில்லை.

கடைசிவரை கஞ்சி கொண்டுவந்த ராத்தாவுக்கும், அக்காவைத் தோளில் சுமந்த கட்டடத்துப் பிள்ளைகளுக்கும் எங்கள் நன்றி. சந்து இப்போது முன்பைவிட மோசம். போன வாரம் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. அதை இறைத்துத் தந்தவர்களுக்கும் நன்றி.

அந்தத் தண்ணீரில் அக்காவின் படம் நனைந்துவிட்டது. உங்கள் கையிலுள்ள நினைவு அட்டையில் முகம் தெளிவாக இல்லாததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அக்காவுக்குப் படம் எடுத்துக்கொள்வது பிடிக்காது. வேறு படம் எங்களிடம் இல்லை.