பதினொரு பள்ளிகளின் வாசலில்

ஆராய்ந்து தெளிதல் ஒரு நற்குணம். புறப்பூச்சில் மயங்காமல் உள்ளீடு கண்ட பின்னரே ஒன்றைக் கைக்கொள்வது அறிவுடையோர் செயல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அந்நற்குணம் ஒரே நெஞ்சில் கரைகடந்து பெருகிவிட்டால் கணவரும் மகளும் அண்டை வீட்டாரும் என்ன பாடு படுவர் என்பதைக் ஏரிக்கரைக் கோட்டைக்குப்பத்து ஜெபசெல்வியை அறிந்த பின்னரே உணர்ந்தேன்.

பிற்பகல் மூன்றே முக்கால் மணி. வடசென்னையில் ஒரு மேல்நிலைப் பள்ளியின் எதிர்ப்புறம், மகள் ஜெஸ்ஸிக்கு அது ஏற்ற பள்ளியா என்று ஆராய வந்து, நண்டு விற்றுத் தீர்ந்த அலுமினிய அன்னக்கூடையைக் கவிழ்த்து அதன்மேல் அமர்ந்திருக்கிறார் அம்மையார். மணி அடிக்கிறது, பிள்ளைகள் பாய்ந்து வெளிவருகின்றனர். முதலில் வருவோரை அவர் ஏறிட்டும் பார்ப்பதில்லை. "மொதல்ல ஓடியார்றது எல்லா ஸ்கூல்லயும் ஒரே மாதிரிதான் கீது" என்பது அவர் துணிபு. கூட்டம் வடிந்து, வாசற்காவலர் கதவில் கைவைக்கும் நேரத்தில், பையை ஒரு தோளில் இழுத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி கடைசியாக ஒரு பிள்ளை வரும். அதற்காகத்தான் அவ்வளவு நேரமும் காத்திருந்தது. எழுந்து சென்று, "இன்னிக்கி உன்ன எந்த மிஸ்ஸாவது பேரு சொல்லி கூப்ட்டாங்களாம்மா?" என்று கேட்பார். பிள்ளைகள் பெரும்பாலும் விழிக்கும், சில ஓடிவிடும், காவலர் அதட்டுவார். ஒரே ஒரு பள்ளியில் மட்டும் ஒரு சிறுமி நின்று, கூப்பிட்டார்கள், திட்டுவதற்குக் கூப்பிட்டார்கள் என்று விடை தந்தாளாம். அன்று மாலை அதனை என்னிடம் சொல்லும்போது அம்மையார் முகத்தில் பெருமகிழ்ச்சி. "திட்றதுக்காவது பேரு தெரிஞ்சிக்கீதே ஐயா."

இவருடைய தொழில் நண்டு விற்பது. கணவர் ஜெரோம் ஏரியிலிருந்து கொண்டுவரும் நண்டுகளோடு அயலார் தருவனவற்றையும் சேர்த்துக் கொடுக்குகளைக் கட்டி, பேருந்தில் பொன்னேரிக்கும் அங்கிருந்து மின்தொடர்வண்டியில் பட்டணத்துக்கும் செல்வது பதினான்கு ஆண்டுப் பழக்கம். கொருக்குப்பேட்டையிலும் வண்ணாரப்பேட்டையிலும் தெருத்தெருவாகக் கூவி விற்பார். வாங்குவோர் கேளாமலேயே ஒவ்வொரு நண்டின் அடிவயிற்றையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். அமுங்கினால் உள்ளே சதையில்லை; "இது தண்ணி நண்டு, உங்களுக்கு வாணாம்" என்று தாமே விலக்கிவிடுவார். அந்நேர்மையால் வாடிக்கையாளர் பலர். அவர்களுள் ஆசிரியைகள் மூவர், பள்ளி ஆயாக்கள் இருவர், பள்ளி வண்டியோட்டி ஒருவர். நண்டு கைமாறும் நேரத்தில் பள்ளியின் உட்செய்திகளும் கைமாறும். "உங்க புள்ள எங்க படிக்குது மிஸ்?" என்று ஓர் ஆசிரியையைக் கேட்டுவிட்டார். அவர் தம் பிள்ளையைத் தாம் பணிபுரியும் பள்ளியில் சேர்க்கவில்லை போலும்; அதன்பின் ஒரு மாதம் அந்த வீட்டில் நண்டுக்குழம்பே இல்லை.

பள்ளிகளின் உண்மைப் பெயர்கள் அவர் நாவில் நிற்பதில்லை. தூயோர் பெயரும் தலைவர் பெயரும் தாங்கிய அந்நிறுவனங்களெல்லாம் "கண்ணாடி ஸ்கூலு", "வேப்பமரத்து ஸ்கூலு", "பஸ்ஸு ஸ்கூலு", "கத்துற சிஸ்டரு ஸ்கூலு" எனப் புதுப்பெயர் சூடிவிடும். வழவழப்பான தாளில் அப்பள்ளிகள் அச்சிட்டு வழங்கும் விளக்க ஏடுகளை ஒரு பையில் திணித்து வைத்திருக்கிறார். ஞாயிறுதோறும் ஆலயம் சென்று திரும்பியதும் அப்பை அண்டையிலுள்ள என் வீட்டுக்கு வரும். நண்டு வாடை முன்னே வரும். நான் படிக்க வேண்டும், அவர் கேட்பார். பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று ஒருமுறை படித்தேன். ஒன்பதாவதில் எத்தனை பேரை நிறுத்திவிட்டு இந்த நூறு வந்தது என்று போட்டிருக்கிறார்களா என்றார். இல்லை என்றேன். "அப்ப மூடி வைங்க." இப்படி மூடி வைத்தவை ஏழு. மறுவாரம் அவ்வேழையும் மீண்டும் திறக்கச் சொன்னபோது எனக்கு வந்த சினத்தை ஏட்டில் எழுத இயலாது.

இவ்வளவும் போதாதென்று நிலவை வேறு இதில் நுழைத்துவிட்டார். மறைநிலாக் காலத்து நண்டு சதைப்பற்று உடையது, முழுநிலாக் காலத்து நண்டு வெறும் ஓடு என்பது ஏரிக்கரையார் நம்பிக்கை. ஆகவே நண்டின் தரம் அறிய இரு பருவமும் காணவேண்டும். அதே அளவுகோலைப் பள்ளிக்கும் வைத்தார். ஒவ்வொரு பள்ளியையும் அமாவாசைக் கிழமையில் ஒருமுறை, பௌர்ணமிக் கிழமையில் ஒருமுறை பார்த்தாக வேண்டும். பள்ளிக்கும் நிலவுக்கும் என்ன உறவு என்று வாதிட்டேன். ஒருநாள் பார்த்ததை வைத்து மறுநாளை எடைபோட முடியுமா என்று அவர் திருப்பிக் கேட்டார். அக்கேள்வியில் ஓர் உண்மை இருந்ததுதான் என் எரிச்சலைப் பெருக்கியது. பள்ளிகள் பதினொன்று; கடந்த ஆடியில் தொடங்கிய ஆராய்ச்சி, மறு ஆண்டு வைகாசி முடிந்தும் முடியவில்லை.

"நீ பாத்து முடிக்கறதுக்குள்ள ஜெஸ்ஸியோட பேரப்புள்ளயே பத்தாவது முடிச்சிடும்" என்றார் ஜெரோம். வலையில் சிக்கிய பாசியை உதறிக்கொண்டே சொன்னார். நிமிர்ந்து பார்த்துச் சொல்லும் துணிவு அவருக்கில்லை.

ஊராரோ இவரைத் தேடி வந்தவண்ணம் இருக்கின்றனர். ஆரம்பாக்கத்திலிருந்து அம்மணி என்பவர் பேருந்தேறி வந்தார். மகனை எந்தப் பள்ளியில் சேர்க்கலாம், ஒரே ஒரு பெயர் சொல் அக்கா, நாலரை வண்டியைப் பிடிக்கவேண்டும் என்றார். ஜெபசெல்வி பெயர் சொல்லவில்லை. "ஸ்கூல அப்பறம் சொல்றேன். உம்புள்ள சொல்லிட்டு அழுவுற புள்ளயா, சொல்லாம அழுவுற புள்ளயா?" என்று கேட்டார். அம்மணி திகைத்தார், அதன்பின் ஒரு மணி நேரம் மகனைப் பற்றிப் பேசினார், வண்டியைத் தவறவிட்டார். ஆயினும் அடுத்த வாரம் தம் தங்கையையும் அழைத்துக்கொண்டு வந்தார்.

பிறர் பிள்ளைகளுக்கு இவ்வாறேனும் ஒரு முடிவு கிட்டிற்று. சொந்த மகள் ஜெஸ்ஸிக்குத்தான் கிட்டவில்லை. உள்ளூரில் பத்தாம் வகுப்பை நானூற்று முப்பத்தேழு மதிப்பெண்ணோடு முடித்தவள் அவள். பட்டணத்தில் விடுதியில் தங்கி, உயிரியல் பாடம் உள்ள பிரிவில் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. தாயின் ஆசையும் அதுவே. வேப்பமரத்துப் பள்ளியின் ஆயா, ஓரிடம் இருக்கிறது, திங்களன்றே வந்துவிடு என்று தாமே சொல்லியனுப்பினார். நம் அம்மையார் விரல்விட்டு எண்ணினார். அமாவாசையில் பார்த்தாயிற்று, பௌர்ணமிக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது என்றார். ஆறு நாள் கழித்து, முழுநிலா நாளில், முழு மனநிறைவோடு அப்பள்ளியிலிருந்து திரும்பினார்: பதினொன்றிலும் சிறந்தது அதுவே. அந்த இடம் மட்டும் அதற்கு முந்தைய நாளே நிரம்பிவிட்டது.

ஜெஸ்ஸி அழவில்லை, பேச்சை நிறுத்திவிட்டாள். பத்தடி அறைக்குள் தாயும் மகளும் அமர்ந்து உண்பர். "நைனா, கொழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்லு" என்பாள் தந்தையிடம். போதுமா என்று கேள் என்பார் தாய். "நான் இன்னா போஸ்ட்டுமேனா?" என்று ஜெரோம் கரண்டியைத் தாமே எடுத்துக்கொள்வார். ஒன்பது நாள் இவ்வாறு சென்றது.

இனி இடம் எஞ்சியிருந்தது கத்துகிற சிஸ்டர் பள்ளி ஒன்றில்தான். அங்கும் வெள்ளிக்கிழமை பிற்பகல் ஒரு மணியோடு சேர்க்கை முடிவு. அதையும் தவறவிட்டால் ஜெஸ்ஸி கேட்ட பிரிவு இவ்வாண்டு எங்கும் இல்லை. வியாழன் மாலை ஜெரோம் என் வீட்டுக்கு வந்தார். "நீங்க கூடப் போங்க ஐயா. இல்லனா அங்கயும் வாசல்ல குந்திக்கினு ஒரு மணி தாண்ட வுட்டுடுவா" என்றார். மறுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலை பொன்னேரி நிலையத்தில் அவர்களோடு நின்றுகொண்டிருந்தேன்.

வண்டியில் ஜெஸ்ஸி எதிர்ப்பலகையில் சாளரத்தோரம், சான்றிதழ்க் கோப்பை மடியில் அணைத்தபடி அமர்ந்திருந்தாள். தாயோ, அந்த விடுதியை இன்னும் ஒருமுறைகூடப் பார்க்கவில்லையே, வார்டனம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அத்திப்பட்டு தாண்டியதும் என் பொறுமை அற்றது. பதினொரு பள்ளியை இருபத்திரண்டு முறை பார்த்தாயிற்று, இனி எதைத்தான் பார்க்கவேண்டும், இந்தப் பெண்ணின் ஓராண்டைப் பாழாக்கிவிட்டுத்தான் ஓய்வீர்களா என்று கடிந்து கேட்டுவிட்டேன். அண்டைப் பயணிகள் திரும்பிப் பார்த்தனர்.

எண்ணூர் வந்தது. அம்மையார் வண்டியின் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"சுப்பண்ணன் பொண்ணு சத்யாவ நான்தான் இட்டுனு போயி ஆஸ்டல்ல வுட்டேன் ஐயா. நாலு வருசம் ஆச்சி. கட்டடம் பாத்தேன், சோறு பாத்தேன், மார்க்கு பாத்தேன். குளிக்கிற ரூம்புல தாப்பா இல்ல. அத நான் பாக்கல. மூணு மாசம் அந்தப் பொண்ணு எல்லாருக்கும் முன்னாடி எழுந்து இருட்டுல குளிச்சிக்கீது. ஒருத்தர்கிட்டயும் சொல்லல. லீவுக்கு வந்துச்சி, திரும்பிப் போவல. அவ்ளோதான் அது படிச்சது."

சத்யாவை நான் அறிவேன். இப்போது இறால் உரிக்கும் நிறுவனத்துக்கு வேலைக்குச் செல்கிறாள். ஐஸில் தோய்ந்து தோய்ந்து அவள் விரல் நுனிகள் வெளுத்திருக்கும். பள்ளியைப் பாதியில் விட்டவள் என்பது ஊருக்கே தெரியும். காரணம் ஒரு தாழ்ப்பாள் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

"ரோட்ல பாத்தா, 'சாப்ட்டியா அத்த'னு சிரிக்குது. வைய மாட்டேங்குது ஐயா. ஒரே ஒரு வார்த்த வைஞ்சிட்டா நான் தூங்கிடுவேன்."

ஜெஸ்ஸி சாளரத்தை விட்டு முகத்தைத் திருப்பவில்லை. ஆனால் அதுவரை கோப்பின் கயிற்றைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்த அவள் கை நின்றுவிட்டது.

பள்ளியில் நீண்ட வரிசை. நானும் ஜெஸ்ஸியும் நின்றோம். அம்மையார் நிற்பாரா? விடுதியைப் பார்க்கப் போனார். பெற்றோருக்கு உள்ளே இடமில்லை என்று வாசலிலேயே தடுத்துவிட்டார்கள். சமையற்கட்டு வழியாகச் சுற்றிப் போய்ப் பார்த்தார், அங்கும் பூட்டு. பெயர் பெற்ற அந்தச் சிஸ்டரின் குரல் முற்றம் முழுவதும் ஒலித்தது. கூட்டத்தில் இவரால் அவரை நெருங்கவும் இயலவில்லை. வரிசை நகர நகர என் கண் சுவர்க் கடிகாரத்தை விட்டு அகலவில்லை. பன்னிரண்டே முக்கால் ஆயிற்று. பன்னிரண்டு ஐம்பது ஆயிற்று. எங்களுக்கு முன்னே ஒருவர்தான் நின்றார். பெற்றோர் கையொப்பம் இல்லாமல் விண்ணப்பத்தை வாங்க மாட்டார்கள். அம்மையாரைத் தேடிப் பிடித்து இழுத்துவந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. காண வேண்டிய ஒன்றைக் காணாமல் வந்தவரின் முகம் அவருக்கு.

கையொப்பமிட்டார். எட்டாவது வரை படித்தவர். எழுத்து எழுத்தாக, கோடு பிசகாமல் எழுதினார். தாளைச் சாளரத்தின் வழியே நீட்டினார். உள்ளிருந்த எழுத்தர் அதைப் பற்றி இழுத்தார். தாள் வரவில்லை. அம்மையாரின் கை அதன் மறுமுனையைப் பிடித்தபடியே இருந்தது.

"விடுங்கம்மா, கிழிஞ்சிடும்" என்றார் எழுத்தர். அம்மையார் விடவில்லை. பின்னால் நின்றோர் முணுமுணுத்தனர். நான் ஏதோ கடுஞ்சொல் சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் ஜெஸ்ஸி தாயின் மணிக்கட்டின்மேல் கையை வைத்தாள்.

"உடும்மா. சரியில்லனா நான் உன்ன நல்லா திட்டுவேன்."

ஒன்பது நாளில் அவள் தாயிடம் நேரே பேசிய முதற்சொல் அது. ஜெபசெல்வி மகளைத் திரும்பிப் பார்த்தார். ஏரிச்சேற்றாலும் நண்டுக் கொடுக்காலும் தழும்பேறிய அவ்விரல்கள், முதலில் சுண்டுவிரல், பின் மோதிரவிரல், அதன்பின் நடுவிரல் என ஒவ்வொன்றாகத் தாளை விட்டன. கடைசியில் கட்டைவிரலும் விட்டது.

அவர் இல்லத்து அடுப்பும் விளக்கும் ஒருநாளும் அணையாதிருக்க. ஜெரோமின் வலை வெறிதே கரையேறாதிருக்க. அவ்வீட்டு மகள் அஞ்சாத நாவும் நிறைந்த கல்வியும் பெற்று நெடிது வாழ்க. அனைத்தையும் ஆராய்ந்தருளும் இறைவன் அக்குடியைக் கண்ணிமைபோல் காப்பானாக.