சந்தனம் வைத்த மோடம்

லினக்ஸ் என்ற பெயரைக் கேட்டால் இன்றும் எனக்கு வாய் கசக்கிறது. அதன் மேல் தப்பில்லை என்று தெரியும். தெரிந்தும் கசக்கிறது.

அப்போது அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. வங்காளிகள் ஊரில், கிடர்பூர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அண்ணன் சரக்குக் கப்பலில் இன்ஜினியர், வீட்டுக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பூஜை சமயத்தில் கப்பல் பக்கத்திலிருக்கும் ஹால்தியா துறைமுகத்தைத் தொடும், ஊருக்குள் வர நேரமிருக்காது, என்றைக்கு என்று மெயில் போடுகிறேன், நீங்கள் வந்தால் ஐந்து நிமிஷமாவது பார்க்கலாம் என்று எழுதியிருந்தான். அம்மா முறுக்கு சுட்டு டப்பாவில் அடைத்து வைத்துவிட்டாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் எனக்குப் புத்தி கெட்டது. பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியைப் போட்டு, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த விண்டோஸை அழித்து லினக்ஸை ஏற்றினேன். கல்லூரியில் பீற்றிக்கொள்ள வேண்டும், வேறென்ன. முதலில் திரை வரவில்லை. வந்தபோது எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருந்தது. பிறகு மோடம். எந்த போர்ட், எந்த எண், எந்த ஃபைலில் எந்த வரி என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, அஷ்டமி சாயங்காலம் மெயிலைத் திறந்தேன். அண்ணனிடமிருந்து ஒன்றுமில்லை.

மறுநாள் சரஸ்வதி பூஜை. புத்தகங்கள், அரிவாள்மனை, அப்பாவின் பேனா இவற்றோடு மோடத்தையும் அம்மா படத்துக்கு முன்னால் வைத்தாள். அன்று எதையும் தொடக்கூடாது. விஜயதசமி காலை புனர்பூஜை முடிந்ததும் எடுத்து மாட்டினேன். டயல் டோன் இல்லை என்றது.

என் கைவரிசைதான் எதையோ கெடுத்துவிட்டது என்று நினைத்தேன். மாற்றிய வரிகளை எல்லாம் திரும்ப மாற்றினேன். சிடியைப் போட்டு முழுவதையும் மறுபடி ஏற்றினேன், இரண்டு தடவை. லேக் மார்க்கெட் வரை போய்ப் பார்த்தேன், சைபர் கஃபே சாத்தியிருந்தது. தெருவெல்லாம் பூஜைப் பந்தல்களில் டாக் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். காதைப் பொத்திக்கொண்டு வீடு திரும்பினேன்.

அம்மா கூடத்தில் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டே இருந்தாள். "லெட்டர் வந்துச்சாடா?"

"வந்தா சொல்ல மாட்டேனா? சும்மா தொணதொணக்காதம்மா."

சாயங்காலம் ஆத்திரத்தில் மோடத்தைப் பிடுங்கித் திருப்பினேன். டெலிபோன் வயர் செருகும் ஓட்டைக்குள் மஞ்சளாக என்னவோ. காய்ந்த சந்தனம், மேலே குங்குமம். ஓட்டை இருந்த பின்பக்கத்தையே மோடத்தின் முகம் என்று நினைத்து அம்மா விரலால் அழுத்திப் பொட்டு வைத்திருக்கிறாள். ஊசியால் சுரண்டினேன். மாட்டியதும் மோடம் கீச்சிட்டு லைன் பிடித்தது.

இரண்டு மெயில்கள். முதலாவது முந்தின நாள் போட்டது: நாளை காலை ஹால்தியா வருகிறோம், சாயங்காலம் கிளம்பிவிடுவோம். அடுத்தது ஒரு மணி நேரத்துக்கு முன்னால் போட்டது. "காலையிலிருந்து ஆறு தடவை வீட்டுக்குப் போன் போட்டேன். மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. பூஜை பார்க்கப் போய்விட்டீர்கள் போல. பரவாயில்லை. கப்பல் கிளம்புகிறது."

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். படிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் வீட்டுச் சுவரில் ஒரே ஒரு டெலிபோன் பாயிண்ட். மெயில் பார்க்கும் அரைமணி நேரம் மட்டும் போன் வயரைக் கழற்றிவிட்டு மோடத்தைச் செருகுவது வழக்கம். அன்று காலை கழற்றியதை நான் திரும்ப மாட்டவே இல்லை. சந்தனம் வைத்தவள் மேல் கோபப்படக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

"நாம எங்கயும் போகலியேடா" என்றாள் அம்மா. "நான் நாள் பூரா போன் பக்கத்துலயேதான உக்காந்திருந்தேன்?"

அவள் முறுக்கு டப்பாவை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போகும்வரை காத்திருந்து, போன் வயரைச் சுவரில் மாட்டினேன்.