பெரிய காந்தமும் மூன்றாம் மாடியும்

ஸ்பீக்கர் கடைக்காரருக்குத் தெருவில் வழங்கிய பெயர் ‘எடைக்காரர்’. யார் வந்து ஸ்பீக்கர் கேட்டாலும் அவர் எடுத்ததும் விலை சொல்லமாட்டார். அதைக் கவிழ்த்து, பின்பக்கத்துக் காந்தத்தைக் காட்டி, வந்தவர் கையில் வைப்பார். கனம் தாங்காமல் கை கொஞ்சம் கீழே இறங்கிவிட்டால் போதும், அவருக்கு முகமெல்லாம் பல்.

“கனம் பாத்தீங்களா? காந்தம் பெருசா இருந்தா சத்தமும் பெருசா இருக்கும். இதுல வேற பேச்சே கிடையாது.”

அந்த நம்பிக்கை அவருக்குச் சும்மா வந்துவிடவில்லை. இளவயதில் ஒலிபெருக்கி வாடகைக் கடையில் பெட்டி தூக்கியவர். ஸ்பீக்கருக்குள் எரிந்துபோன கம்பிச் சுருளை மாற்றவும், அதிர்ந்து சத்தம் எழுப்பும் காகிதக் கூம்பு கிழிந்தால் ஒட்டவும் அங்கேதான் கற்றார். திறந்தவெளிக் கூட்டங்களில் மலிவு ஸ்பீக்கர்கள் கீச்கீச்சென்று கத்திவிட்டுக் கருகிப்போவதையும், கனத்தவை கடைசிவரை நின்று முழங்குவதையும் கண்ணால் கண்டவர். பிறகு சொந்தமாகக் கடை வைத்தார். ஒருமுறை, தடித்த ரப்பர் உறை போட்டு வந்த ஸ்பீக்கர் ஒன்றை உரித்து, உள்ளே பிஸ்கட் அளவுக் காந்தம் ஒளிந்திருந்ததைத் தெருவையே கூட்டிக் காட்டினார். அன்றிலிருந்து அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லாமல் போயிற்று.

மகனுக்குக் கல்யாணமாகி வீட்டுக்கு வந்த மருமகள் உடற்பயிற்சி ஆசிரியை. துணிக்கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் ஒரு கூடத்தைக் காலையில் மட்டும் வாடகைக்கு எடுத்து, பாட்டுப் போட்டு, நடுவயதுப் பெண்களுக்குப் பயிற்சி சொல்லித்தந்தாள். வகுப்பு முடிந்ததும் கூடத்தைக் காலிசெய்துவிட வேண்டும். அதனால் பாட்டுப்பெட்டி தினமும் அவளோடு மாடி ஏறி இறங்கியது. அந்தப் பழைய பெட்டி ஒருநாள் வாயை மூடிக்கொண்டது.

“கவலைப்படாதேம்மா, மாமா எதுக்கு இருக்கேன்?” என்றார் எடைக்காரர்.

கடையிலேயே பெரிய காந்தம் வைத்த ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்து, சிறிய மரப்பெட்டி ஒன்றில் காற்றுப் புகாமல் அடைத்து, கைப்பிடியும் மாட்டிக் கொடுத்தார். ராணிக்குச் செய்ததுபோல வழவழவென்று தேய்த்திருந்தார். அவள், “ரொம்ப நல்லாருக்கு மாமா” என்று வாங்கிக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க, கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் அவர் அந்தப் பெட்டியின் பெருமையைச் சொன்னார்.

கொஞ்சநாள் கழித்து, சாப்பிட உட்கார்ந்தவரிடம் மனைவி மெதுவாக ஆரம்பித்தாள்.

“உங்க மருமக தினமும் தோளுக்குத் தைலம் தேய்ச்சுக்கறா, தெரியுமா?”

“ஏன், விழுந்துட்டாளா?”

“பெட்டி தூக்கியே விழுந்துடுவா போலிருக்கு. ஊருக்கெல்லாம் எடை பாக்கறீங்க. வீட்டுப் பொண்ணு தூக்கற எடையப் பாத்தீங்களா?”

அவருக்குச் சுருக்கென்றது. மறுநாள் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு மருமகள் பின்னால் மாடி ஏறினார். இரண்டாவது மாடித் திருப்பத்திலேயே மூச்சு இரைத்தது. “குடுங்க மாமா” என்று அவள் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை.

கூடத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பாட்டு கணீரென்று கேட்டது. ஆனால் பெண்களின் கால்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. பாதிப் பேர் முன்னே வைத்தால் பாதிப் பேர் பின்னே வைத்தார்கள். மருமகள் பாட்டை மீறிக் கைதட்டி, “ஒண்ணு, ரெண்டு” என்று தொண்டை கம்மக் கத்திக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் கேட்டார். “ஏம்மா இப்படிக் கத்தறே? பாட்டு நல்லாத்தானே கேக்குது?”

அவள் தயங்கினாள். “பாட்டு கேக்குது மாமா. தாளம்தான் கேக்கல. அந்த அடிச்சத்தம் வந்தாத்தான் கால் தானா எழும்.”

“இத முன்னாடியே சொல்லக் கூடாதா?”

“நீங்க ஆசையாச் செஞ்சு குடுத்தீங்க. எப்படிச் சொல்றது?”

கடைக்கு வந்ததும் முதலில் பாட்டைத் திட்டினார், பிறகு கூடத்துச் சுவரைத் திட்டினார். ஒன்றும் ஆகவில்லை. பெட்டியைத் திறந்து, கைக்கு வந்த ஸ்பீக்கரையெல்லாம் ஒவ்வொன்றாக அதில் மாட்டிக் கேட்டார். கடைசியில், ‘ஒல்லிப்பிச்சான்’ என்று கேலி பேசிக் கீழ்த்தட்டில் ஒதுக்கியிருந்த ஒன்றை மாட்டினார். அதன் காந்தம் முந்தையதில் பாதிகூட இல்லை. பாட்டைப் போட்டதும் தும் தும்மென்று அடி விழுந்து, கடையின் தகரக் கதவு அதிர்ந்தது. எடைக்காரர் சட்டென்று பாட்டை நிறுத்தினார்.

ஆத்திரம் தணிந்தபின் யோசித்தார். பெரிய காந்தம் கூம்பை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. சின்னப் பெட்டிக்குள் அடைபட்ட காற்றும் சேர்ந்து அமுக்கினால் கூம்பு எங்கே தாராளமாக ஆடும்? அடிச்சத்தம் அங்கேயே மெலிந்துபோகிறது. இதே ஸ்பீக்கர் காற்றுத்துளை விட்ட பெரிய பெட்டியில் இருந்தால் முழங்கியிருக்கும். காந்தத்துக்கு வேலை இல்லாமல் இல்லை. ஆனால் அதன் பருமனை மட்டும் பார்த்துச் சத்தத்தைச் சொல்லிவிட முடியாது. கம்பிச் சுருள் ஓடும் இடுக்கில் காந்தத்தின் பலம் எவ்வளவு, கூம்பு எப்படிப்பட்டது, எந்தப் பெட்டி என்று எல்லாம் சேர்ந்துதான் சத்தம்.

“கடுகு சிறுத்தாலும் காரம் போகாதுன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும்” என்று மனைவி சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டார்.

மெல்லிய பலகையில் புதுப்பெட்டி செய்து, ஒல்லிப்பிச்சானை அதில் பொருத்தினார். மருமகள் அதை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு மாடி ஏற, அவர் வெறுங்கையோடு பின்னால் போனார். பாட்டு ஆரம்பித்தது. நாலாவது அடியிலேயே எல்லாக் கால்களும் சேர்ந்து தரையில் விழுந்தன. மருமகள் கைதட்டவில்லை, கத்தவில்லை. முன்னால் நின்று தானும் ஆடினாள். அவள் ஆடி அவர் பார்ப்பது அதுதான் முதல்முறை. ‘இவ்வளவு கெட்டிக்காரியா நம்ம வீட்டுப் பொண்ணு!’ என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

வகுப்பு முடிந்ததும் ஒரு பெண்மணி கேட்டாள். “இந்தப் பெட்டி எங்க வாங்கினே?”

“வாங்கலக்கா. எங்க மாமா செஞ்சது. வகுப்புக்கு வந்து உக்காந்து, எங்களுக்குன்னே பாத்துப் பாத்துச் செஞ்சார்.”

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். வாழ்நாளெல்லாம் தன் சரக்கைத் தானே புகழ்ந்து விற்றவர் அன்று சட்டைக் காலரை மட்டும் இழுத்து விட்டுக்கொண்டார்.

வகுப்பில் ஆள் கூடி, மாலையிலும் நடத்த வேண்டியதாயிற்று. திறந்தவெளிக் கூட்டம் நடத்துபவர்களுக்கு எடைக்காரர் இன்றும் பெரிய காந்தம்தான் கொடுக்கிறார், அதற்கேற்ற பெட்டியோடு. மற்றவர்களிடம் கேள்வி கேட்கிறார். “எந்தப் பெட்டில வைப்பீங்க? அறை எவ்வளவு பெருசு? யார் தூக்குவாங்க?”

பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் வியந்துபோனார். “என்ன இது, முன்னெல்லாம் கனத்தக் காட்டித்தானே விப்பீங்க?”

“அப்போ எங்க வீட்டுக்கு மருமக வரல” என்றார் எடைக்காரர்.