படிக்கட்டு அடிக்கு ஒரு சுவிட்ச்

ரெஜினா அக்கா இறந்த செய்தி எங்கள் வீட்டுக்கு ஒரு வேலை விஷயமாகத்தான் வந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் அப்பா எலக்ட்ரிகல் கடைக்கு போன் செய்து, படிக்கட்டு அடியில் லைட் போட அந்தப் பெண் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டார். கடைக்காரர் சொன்னதைக் கேட்டுக்கொண்டே சட்டைப் பொத்தானைப் போட்டார். பிறகு, "அடடா. சரி, வேற யாரையாவது அனுப்புங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். வாலாஜாபாத் ரோட்டில் ஸ்கூட்டியில் வரும்போது லாரி மோதிவிட்டதாம் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா பாவம் என்றாள். நான் தட்டில் இருந்த இட்லி முழுவதையும் தின்றேன். பாதியில் எழுந்தால் ஏன் என்று கேட்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் ஊரான மாகறலில் அவருக்காக ஜெபக் கூட்டம் இருக்கிறது, அவரைத் தெரிந்தவர்கள் பேசலாம் என்று கடைக்காரரின் மகள் சொன்னாள். அவள் என் வகுப்புதான். என்னால் வர முடியாது. அதனால் எழுதி அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். வாசிப்பவர்கள் தயவுசெய்து நான் யார் என்று விசாரிக்க வேண்டாம். வீட்டில் தெரிந்தால் என் பள்ளிக்கூடம் அன்றோடு நின்றுவிடும்.

அக்காவுக்கு எங்கள் தெருவில் எப்போதும் வேலை இருந்தது. படுக்கையறை, பீரோ, பரண் என்று வீட்டின் உள்பக்கங்களுக்கு ஆண்களை அனுப்பத் தயங்குகிறவர்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டுக்கு அவர் முதலில் வந்ததற்குக் காரணம் ஒரு புடவை. போன தை மாதம் ஒரு முகூர்த்தத்துக்கு அம்மா விடியும் முன்பே எழுந்து, சுவர் அலமாரியிலிருந்து அரக்கு நிறம் என்று நினைத்து ஒரு பட்டுப் புடவையை எடுத்துக் கட்டினாள். மண்டபத்து வெளிச்சத்தில் அது கத்திரிப்பூ நிறம். ஜாக்கெட் மட்டும் அரக்கு. வேறு ஊரில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பட்டு நெய்கிற எங்கள் ஊரில் பந்தியில் பரிமாறியவர்கூடப் பார்த்தார்.

அலமாரிக்குள் மாட்டச் சொல்லி அப்பா ஒரு மஞ்சள் குண்டு பல்பு வாங்கி வைத்திருந்தார். அக்கா அதைக் கையில்கூட எடுக்கவில்லை. "பட்டுக்குப் பக்கத்துல சூடாவுற பல்பு வேணாம்மா. மஞ்சளும் வேணாம், அது எல்லாக் கலரையும் ஒண்ணாக்கிடும்." மேலே ஒரே விளக்காகப் போட்டால் மேல்தட்டுக்குத்தான் வெளிச்சம், கீழ்த்தட்டு இருட்டாகவே கிடக்கும் என்றும் சொன்னார். கதவுச் சட்டத்தின் உள்பக்கம், மேலிருந்து கீழ்வரை, மெல்லிய வெள்ளை எல்.இ.டி. பட்டையை ஒட்டினார். கண்ணில் அடிக்காமல் புடவைகள் மேல் மட்டும் வெளிச்சம் விழுந்தது. பிறகு அம்மா கையில் இரண்டு புடவைகளைக் கொடுத்து, "இப்ப சொல்லுங்க, எது கத்திரிப்பூ?" என்று கேட்டார். அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்தது பூஜை அறையில் இருக்கும் சாமி அலமாரி. அங்கே அத்தை குறுக்கே வந்து நின்றாள். படுக்கையறை வரை போனவரை அந்த வாசல்படி தாண்ட விடவில்லை. காரணம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேலையும் நிற்கக்கூடாது, அவரும் உள்ளே போகக்கூடாது. கடைசியில் ஸ்க்ரூ டிரைவர் என் கைக்கு வந்தது. அக்கா ஹாலில் நின்றபடியே மெயினை அணைத்தார். சிவப்பு ஒயர் எங்கே, எத்தனை சுற்று என்று சொல்லச் சொல்ல நான் முடுக்கினேன். திரி எரிகிற இடத்துக்கு நேர் மேலே வேண்டாம், படத்துக் கண்ணாடியில் எதிரொளிக்காதபடி ஓரமாக வை என்றார். விளக்கு எரிந்ததும் அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வாசலில் செருப்பு மாட்டும்போது அக்கா என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "சாமி உள்ள, நான் வெளிய. கரண்ட் மட்டும் ரெண்டு பக்கமும் போய்க்கினு இருக்குது, பாரு." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி எழுதப்போவதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் என்னை மாமா பையனுக்குக் கொடுப்பதாகப் பேசி முடித்துவிட்டார்கள். பாஸானால் போதும் என்கிறார் அப்பா. ராத்திரி உட்கார்ந்து படித்துக் கண்ணாடி போடும்படி ஆகிவிட்டால் மாமா வீட்டில் என்ன சொல்வார்கள் என்பது அம்மாவின் கவலை. ஆனால் நல்ல மார்க் எடுத்தால், பள்ளிக்கூடத்து டீச்சர்களை வைத்து ஒரு முறையாவது காலேஜ் என்று கேட்டுப் பார்க்கலாம். அதற்காக எல்லோரும் தூங்கிய பிறகு படிக்கட்டு அடியில், கதவு வைத்த சாமான் அறைக்குள், அரிசி டிரம்முக்குப் பின்னால், டார்ச்சை வைத்துக்கொண்டு படிக்கிறேன்.

அந்த இடத்துக்கு, ஆள் வந்தால் தானாக எரியும் சென்சார் லைட் போட வேண்டும் என்று அப்பா முடிவு செய்து, அளவெடுக்க அக்காவை வரச் சொன்னார். அக்கா குனிந்து உள்ளே போனார். தலையணை, பிசிக்ஸ் புத்தகம், பென்சில் சீவிய தூள், எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், சென்சார் இங்க சரிப்படாது," என்றார் வெளியே வந்து. "எலி பூந்தா கூட எரியும். ராத்திரி பூரா எரிஞ்சிக்கினு இருக்கும், பில்லு எகிறிடும். உள்பக்கமா ஒரு சுவிட்ச் வச்சிடலாம்."

வெளியே வைத்தால் என்ன என்று அப்பா கேட்டார்.

"கொழந்தைங்க போட்டுப் போட்டு விளையாடும் சார்."

இந்த வீட்டில் குழந்தை ஏது என்றார் அப்பா.

"பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணப் போறீங்க. பேரப்புள்ளைங்க வராதா?"

அப்பா சிரித்துச் சம்மதித்துவிட்டார். நான் தண்ணீர் கொடுக்கப் போனபோது, தரையோரமாகச் சின்ன விளக்காகப் போட்டுத் தருகிறேன், கதவு இடுக்கில் வெளிச்சம் கசியாது என்றார். "படிக்கிறவங்களுக்கு சென்சார் ஆவாது பாப்பா. அசையாம உக்காந்தா ஆளே இல்லன்னு நெனச்சி அணைஞ்சிடும். வர வாரம் வரேன். பயந்துக்கினே படிச்சா மண்டையில ஏறாது." நான் படிக்கிறேனா என்று அவர் கேட்கவே இல்லை.

அந்த வாரம் வரவில்லை. வேறு ஆள் வந்தார். எலிக்கெல்லாம் எரியாத சென்சார் இருக்கிறதே என்று சொல்லி, கதவுக்கு நேராக மேலே ஒன்றை மாட்டினார். அந்தப் பெண்ணுக்கு வேலை தெரியவில்லை என்றார் அப்பா. நான் பக்கத்திலேயே நின்றேன். இப்போது டார்ச்சும் இல்லை. இங்கேதான் லைட் வந்துவிட்டதே என்று அம்மா அதை ஊருக்குப் போன சித்தியிடம் கொடுத்துவிட்டாள். இந்தப் பக்கத்தை எழுதுவதற்குள் விளக்கு பலமுறை அணைந்துவிட்டது. கையைத் தூக்கினால் பளிச்சென்று எரிந்து, கதவு இடுக்கு வழியாகக் கூடம் வரை வெளிச்சம் போகிறது. ஒவ்வொரு முறையும் அப்பாவின் இருமல் கேட்கிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறேன். இப்படி ஒரு பாடம்கூட முடியாது. மார்க் என்ன வரும் என்று தெரிகிறது. அதற்குப் பிறகு என்ன என்பதும் தெரிகிறது.

உங்களிடம் அக்காவின் போட்டோ இருக்கும், அவர் உடுத்திய துணி இருக்கும். என்னிடம் இருப்பது எனக்காக அவர் அப்பாவிடம் சொன்ன அந்த எலிப் பொய் ஒன்றுதான். அதை வைத்துக்கொள்கிறேன். அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். இனி இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.