உள்ளே விட்ட துணி

அம்மாமண்டபம் சாலையில் ஒரு மாடிப்படிக்கு அடியில் தையல் மெஷின் போட்டிருக்கும் பானுமதியின் வாழ்க்கையை எழுத வேண்டுமானால், அவள் தைத்த ரவிக்கைகளின் உள்பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். வெளிப்பக்கம் எல்லோர் தையலையும் போலத்தான். உள்ளே, விலாத் தையலுக்கு அப்பால், துணியை வெட்டாமல் விட்டிருப்பாள். உடம்பு பெருத்தால் பிரித்துக்கொள்ளலாம். எல்லாத் தையற்காரர்களும் கொஞ்சம் விடுவார்கள். பானுமதி விடுவதில் இன்னொருத்தி நுழைந்துவிடலாம்.

காரணம் உண்டு. அவளுடைய முகூர்த்த ரவிக்கையைத் தைத்தவர் உள்ளே ஒரு நூல்கூட விடவில்லை. மகள் கலைமதிக்குக் காது குத்தியபோது, அதே ரவிக்கையில் ஊக்கு மேல் ஊக்காகக் குத்திக்கொண்டு, விட்ட மூச்சை இழுக்காமல் சபையில் உட்கார்ந்திருந்தாள். தாய்மாமன் சீர் வைக்கிற நேரம் பார்த்து ஓர் ஊக்கு தெறித்துத் தாம்பாளத்தில் விழுந்தது. தன் கையால் எந்தப் பெண்ணுக்கும் இந்தக் கதி வரக்கூடாது என்று அன்றே தீர்மானித்தாள்.

வரவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. ஸ்ரீரங்கத்துப் பெண்கள் பெருத்தார்கள், பிள்ளை பெற்றார்கள், மறுபடியும் பெருத்தார்கள். ரவிக்கையும் கூடவே பெருத்துக் கொடுத்தது. புதிதாகத் தைக்க யாருக்கு என்ன அவசியம்? "பானுக்கா, ஒரு தையல் பிரிச்சு விடுங்க" என்று வருகிறவர்கள்தான் மிச்சம். எதிர்ச்சாரியில் தையல் கடை வைத்திருக்கும் ஷெர்லின் ஓரத்தை ஒட்டக் கத்தரித்துவிடுவாள். பொங்கலுக்குத் தைத்தது தீபாவளிக்குத் தோளில் ஏறாது. அவள் கடையில்தான் கூட்டம்.

இடத்துக்குச் சொந்தக்காரரான மாடிவீட்டுச் சிவசங்கர் நல்ல மனிதர். கெட்ட செய்தியைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். "சும்மா நிக்கிற மெஷினுக்கு எதுக்கும்மா இடம்? ஏடிஎம் வைக்கக் கேக்கறாங்க. ஆடிக்குள்ள பெரிய ஆர்டர் ஏதாச்சும் வந்தா தாராளமா இருங்க. இல்லன்னா, நீங்களே சொல்லுங்க."

பானுமதி மனசுக்குள் தன் வீட்டை அளந்து பார்த்தாள். அவள் வீடு ஒற்றை அறை. மெஷின் உள்ளே வந்தால் புருஷன் நல்லதம்பி வெளியே போக வேண்டியிருக்கும்.

ஆர்டர் வந்தேவிட்டது. துவாக்குடியில் ஆரி எம்பிராய்டரி வகுப்பு நடத்தும் இளவேனில் கொண்டுவந்தாள்.

"பிள்ளைங்க ஊசி, கத்திரி எல்லாத்தையும் பென்சில் டப்பாவுல போட்டுட்டு வருதுங்கக்கா. எடுக்கப் போனா கையில குத்துது. இதப் பாருங்க."

போனில் ஒரு படம். நீளத் துணியின் அடிப்பக்கத்தை மேலே மடித்து, வரிசையாக அறைகள். அறைக்கு ஒரு கருவி. பாய்போலச் சுருட்டி நாடாவால் கட்டிவிடலாம்.

"ஒண்ணு தைச்சுக் காட்டுங்க. நல்லா வந்தா வகுப்பு மொத்தத்துக்கும் உங்களுக்குத்தான்."

மடித்த துணியில் கோடு கோடாகத் தையல் ஓட்டினால் வேலை முடிந்தது. பானுமதிக்கு அது அநியாயமாகப் பட்டது. நாளைக்கு அந்தப் பிள்ளை தடித்த பிடி வைத்த ஊசி வாங்கினால் எங்கே போகும்? கான்வாஸ் துணியில் அறைகளைத் தனித்தனியாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் இருபுறமும் தாராளமாக உள்ளே விட்டு, சட்டைக் கை மூட்டுவதுபோல் ஒவ்வொன்றாக மூட்டினாள். அவ்வளவு நேர்த்தியான தையலை அந்த மெஷின் அதுவரை பார்த்ததில்லை.

இளவேனில் வந்து சுருட்டினாள். பாய் வரவில்லை, தலையணை வந்தது. நாடா பாதி தூரம் வந்து நின்றுவிட்டது.

"என்னக்கா இது, உள்ள இவ்வளவு துணி?"

"பின்னால பெருசாச்சுன்னா பிரிச்சுக்கலாம்மா."

"ஊசி பெருக்காதுக்கா."

"இன்னைக்குப் பெருக்காது."

இளவேனில் சிரித்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "நான் சத்திரம் பஸ் ஸ்டாண்டுல பஸ் பிடிக்கணும். அந்த உள்துணிய வெட்டி எறிஞ்சு குடுங்க. எடுத்துட்டுப் போயிடறேன்."

நியாயமான யோசனை. பானுமதி கத்திரியை எடுத்தாள். முதல் அறையின் ஓரத்தில் வைத்தாள். மாடிப்படி, மெஷின், நல்லதம்பி எல்லாம் அந்தக் கத்திரியின் இரண்டு அலகுக்கு நடுவில் இருப்பது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. விரல் மடங்கவில்லை. தாம்பாளத்தில் விழுந்த ஊக்குதான் காதில் கேட்டது.

"தேய்ச்சுத் தரேம்மா, அமுங்கிடும்" என்று இஸ்திரிப் பெட்டியைப் போட்டாள். உடம்பின் பாரத்தையெல்லாம் கையில் இறக்கித் தேய்த்தாள். அமுங்கியது. சுருட்டி, மூச்சடக்கி, நாடாவை முடிந்தாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல உப்பி, முடிச்சைத் தளர்த்திக்கொண்டு மறுபடி விரிந்தது.

"பரவால்லக்கா, விடுங்க. போயிட்டு வரேன்" என்றாள் இளவேனில், வருத்தத்தோடுதான். சாலையைக் கடந்து ஷெர்லின் கடைப் படியேறினாள்.

ஆடி முடிந்த மறுநாள் சிவசங்கர் ஏடிஎம் வைக்கிற ஆளைக் கூட்டிவந்தார். வந்தவர் டேப்பை மறந்துவிட்டார். பானுமதி கழுத்தில் கிடந்த டேப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு, "அந்த முனைய கொஞ்சம் பிடிச்சுக்கங்கம்மா" என்றார்.

தையல் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கி நின்று பிடித்துக்கொண்டாள்.

"சரியா இருக்கு சார். மெஷின் கச்சிதமா உக்காந்துடும்" என்றார் அவர்.

"ஒட்ட வைக்காதீங்க" என்றாள் பானுமதி, முனையை விடாமல். "ரெண்டு விரக்கடை கூட விட்டுக்கங்க. பின்னால பெரிய மெஷினா வந்துச்சுன்னா?"