திரும்பும் தேதி இல்லாத டிக்கெட்: பாங்காக்கிலிருந்து தங்கவயலுக்கு

தாய்லாந்துக்கு எப்படிப் போவது என்று தமிழில் ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். அங்கிருந்து ஒருவர் நம் ஊருக்கு வர வேண்டுமென்றால் கையில் என்ன வைத்திருக்க வேண்டும் என்று எழுதத்தான் ஆளில்லை. இந்தக் கோடையில் அதைத் தெரிந்துகொள்ள நாங்கள் கொடுத்த விலை பெரிது. மிதக்கும் சந்தையை எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே கழன்றுகொள்ளலாம்.

செல்வம் என் பள்ளித் தோழன். கோலார் தங்க வயலில் நந்திதுர்க் பக்கம் வீடு. தாய்லாந்தில் ரயோங் என்ற ஊருக்கு வெல்டிங் சூப்பர்வைசராகப் போனவன், அங்கேயே நோக் என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான். போன வருடம் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டதும் வைத்தியத்துக்கு ஊர் திரும்பினான். நோக் அங்கேயே வேலையில் இருந்தாள். அவள் அனுப்பிய சம்பளத்தில்தான் இங்கே டயாலிசிஸ் ஓடியது. ஏப்ரலில் ஒருநாள் டாக்டர், "அந்தம்மாவ வரச் சொல்லிடுங்க" என்று மட்டும் சொன்னார்.

விசா ஆன்லைனில் சிக்கலில்லாமல் வந்தது. டிக்கெட் போட செல்வத்தின் அம்மாவே நகையை அடகு வைத்துப் பணம் எடுத்துக்கொண்டு பஜாரிலுள்ள டிராவல்ஸ் கடைக்குப் போனார். ரிட்டர்ன் எந்தத் தேதிக்குப் போடட்டும் என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார்.

"புருசன் படுக்கையில கெடக்கறான், அவ திரும்பிப் போற நாளுன்னா இன்னா அர்த்தம்? என் புள்ளைக்கு நாள் குறிக்கச் சொல்றியா? வரதுக்கு மட்டும் போடுப்பா."

ஏர்போர்ட்டில் கேட்பார்கள் என்று அவர் எவ்வளவோ சொல்லியும் அம்மா மசியவில்லை. இழவு வீட்டிலிருந்து கிளம்பும்போது 'போய்ட்டு வரேன்' என்று சொல்லாத ஜனங்கள் நாம். அம்மாவுக்கு அப்படித் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. கேள்விப்பட்ட அன்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. இப்போது இல்லை.

பாங்காக் ஏர்போர்ட்டில் விமான கம்பெனி கவுண்டரில் நோக்கை நிறுத்திவிட்டார்கள். முதல் கேள்வி, திரும்பும் டிக்கெட் எங்கே? அடுத்தது, தங்கும் நாட்களுக்குப் பணம் எங்கே? அவள் போனில் பேங்க் கணக்கைக் காட்டினாள். 1,140 பாத் இருந்தது, நம் பணத்தில் சுமார் மூவாயிரம் ரூபாய். மிச்சமெல்லாம் இங்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தது. என்னைக் கூப்பிட்டாள். எங்கள் வீட்டில்தான் தங்குவாள், சாப்பாடு எங்கள் பொறுப்பு என்று ஆங்கிலத்தில் மன்றாடினேன். கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாகவே பேசினார். மரியாதையாகவே மறுத்தார். விமானம் கிளம்பிப் போனது.

அடுத்த இடம் இரண்டு நாள் கழித்துத்தான் கிடைத்தது. இம்முறை நானே போட்டேன். திரும்பும் தேதி என்ற கட்டத்தில், வரும் நாளிலிருந்து பத்தாம் நாளை ஒரு குத்துமதிப்பாக அழுத்தினேன். செல்வத்தின் பழைய மேனேஜர் இருபதாயிரம் பாத் ரொக்கமாகக் கொடுத்து, காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்றாராம்.

அவள் வந்திருக்க வேண்டிய அந்த முதல் நாள் முழுக்க செல்வம் நினைவோடு இருந்தான். தெருவில் ஆட்டோ சத்தம் கேட்டால் தலையைத் திருப்பினான். மறுநாள் மாலை போய்விட்டான்.

பெங்களூரு விமான நிலையத்தில் அவள் வெளியே வரும்போது காலை ஒன்பதரை. அந்த இருபதாயிரம் பாத்தை இங்கே யாரும் பார்க்கக்கூடக் கேட்கவில்லை. தங்கவயலுக்குச் சுமார் நூற்றுப்பத்து கிலோமீட்டர். டாக்ஸிக்கு 3,400 ரூபாய், சுங்கம் தனி. டிரைவர் ராஜு எங்கள் ஊர்க்காரர்.

"இன்னா சார், மேடம் நேபாளமா?"

"தாய்லாந்து. நம்மூர் மருமகள்."

"வாங்கம்மா, வாங்க" என்று கதவைத் திறந்தார். "வரேங்க" என்றாள் நோக். அவள் பேசும் தமிழ் முழுவதும் செல்வம் பேசிய தமிழ். ஓசகோட்டை தாண்டியதும், "அவரு சாப்ட்டாரா?" என்று கேட்டாள். நரசாபுரத்தில் டீ குடிக்க வண்டியை நிறுத்தச் சொன்னேன். அங்கே வைத்துத்தான் சொன்னேன். டீ ஆறிப் போகும்வரை டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு கோலார், பங்காரப்பேட்டை எதுவும் என் கண்ணில் படவில்லை.

ஊருக்குள் நுழையும்போது சாம்பல் நிற மேடுகளைக் காட்டி, "மலையா?" என்றாள்.

"மலை இல்லம்மா. தங்கத்த எடுத்துட்டு வுட்ட மண்ணு" என்றார் ராஜு.

அவளுக்காகவே செல்வத்தை ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்தோம். கண்ணாடியில் கை வைத்துப் பார்த்தாள். "இன்னா, இவ்ளோ குளிரு" என்று அம்மாவிடம் சொன்னாள். மூடியைத் திறக்கச் சொன்னாள். திறந்தோம். அன்று மாலையே அடக்கம் செய்துவிட்டோம்.

இனி, உங்களுக்கு. தாய்லாந்திலிருந்து யாரையாவது வரவழைத்தால் திரும்பும் டிக்கெட்டை அச்சடித்துக் கையில் கொடுங்கள். மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டும் கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும். எவ்வளவு என்று கேட்டால் 'போதுமான அளவு' என்பார்கள். அதற்கு ஒரு தொகையை என்னிடம் யாரும் சொல்லவில்லை. கணக்கில் பணம் குறைவென்றால், தங்கும் வீட்டாரின் கடிதம், அவர்களுடைய அடையாள அட்டை நகல், நோயாளி இருந்தால் ஆஸ்பத்திரி கடிதம் எல்லாம் சேர்த்துக் கொடுங்கள். விதிகள் மாறும். விமான நிறுவனத்தையும் தூதரகத்தையும் முன்பே கேட்டுவிடுங்கள். அவசரம் இல்லாதவர்கள் பெங்களூருவிலிருந்து தங்கவயல் வழியாக மாரிக்குப்பம் வரை போகும் ரயிலில் வரலாம், காசு மிச்சம். வேலை விட்டுத் திரும்பும் நேரத்தில் மட்டும் நிற்கக்கூட இடமிருக்காது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நோக் இருக்கவில்லை. நான் குத்துமதிப்பாக அழுத்திய பத்தாம் நாள் வந்துவிட்டது. தேதியை மாற்ற டிக்கெட் விலையைவிட அதிகம் கேட்டார்கள். ராஜு வண்டியோடு வந்து நின்றார். அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தார். நோக் குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, செல்வம் சொல்லிக்கொடுத்திருந்தபடியே, "போய்ட்டு வரேன் அத்தை" என்றாள்.

ராஜு பதறிப் போனார். "அம்மா, சாவு வூட்ல அப்டி சொல்லக் கூடாதும்மா."

"சொல்லட்டும் வுடுப்பா" என்றார் அம்மா. "சொல்லாம இருந்து இன்னாத்த கண்டோம்?"

பிறகு நோக்கின் கையை விட்டார். "போய்ட்டு வாம்மா."