வேகத்துக்குத்தான் பிடிச்சவங்கள்

வான் ஓடுறவனுக்கு றோட்டு தெரிஞ்சாக் காணாது, எந்த றோட்டிலை எதுக்குப் பயப்பிடவேணும் எண்டும் தெரிஞ்சிருக்கவேணும். என்னை மாதிரி வாடகைக்கு ஹயர் ஓடி நாரி முறிஞ்ச ஆக்களுக்கு இது விளங்கும். மற்ற ஆக்கள் சிரிச்சுப்போட்டுப் போங்கோ, பரவாயில்லை.

எனக்கு ஊர் தீவுப்பக்கத்துச் சரவணை. சமாதானம் எண்டு சொல்லி, சண்டையாலை மூடிக்கிடந்த கண்டி றோட்டைத் திறந்த கையோடை தீவுப்பக்கத்துச் சனம் முழுக்கக் கொழும்புக்கு வெளிக்கிட்டுது. எனக்கும் ஹயர் வந்தது. ஆனா என்ர மனிசி ராணி விடமாட்டன் எண்டு நிண்டா. சண்டை நேரம் அவவின்ர தமையன் கொழும்பிலை ஒரு லொட்ஜிலை நிண்டவர். பொலிஸ் எண்டு சொல்லிக்கொண்டு வந்த ஆக்கள், விசாரிச்சுப்போட்டு விடுறம் எண்டு கூட்டிக்கொண்டு போனவை. அவ்வளவுதான். ஆள் இருக்கோ இல்லையோ, இண்டுவரைக்கும் ஒருத்தரும் சொல்லேல்லை. கடைசியிலை ராணி ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டுதான் என்னை விட்டவ: எந்தப் பொலிஸிட்டையும் பிடிபடாமல் திரும்பி வரவேணும். நானும் தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணினன். என்ர வானைப் பொலிஸ் ஏன் பிடிக்கப்போகுது, அதைச் சைக்கிள்காரனே முந்திக்கொண்டு போறான் எண்டு நினைப்பு.

கதவு சொல்லுற வேகம்

என்ர வானின்ர மீற்றர் முள்ளு கனகாலமாப் பூச்சியத்திலை படுத்துக் கிடக்குது. தீவுக்குள்ளை அது ஆருக்குத் தேவை? பண்ணைப் பாலத்திலை இருந்து ஊர்காவற்றுறை மட்டும் றோட்டிலை பள்ளக் கிடங்கு, கிடங்குக்கு அங்காலை நேவி மறிச்சுச் சோதிக்கிற சென்றி, சென்றிக்கு அங்காலை திரும்பவும் கிடங்கு. வேகத்தை நான் பக்கக் கதவிலைதான் பார்க்கிறனான். கதவு கடகடவெண்டு அடிச்சா மெல்லமாப் போகவேணும். பேசாமல் இருந்தா இன்னும் கொஞ்சம் மிதிக்கலாம்.

அண்டைக்கு வானுக்குள்ளை ஊர்காவற்றுறை மேரி அக்கா. கனடாவிலை இருந்து வாற மகனைக் கூட்டிவரக் கட்டுநாயக்கா எயார்போட்டுக்குப் போறா. துணைக்கு அவவின்ர தங்கச்சிமார் ரெண்டு பேர். சிங்களம் கதைக்கிறதுக்கு மடத்துவெளி நடராசா அண்ணை, முந்தித் தெற்கிலை கடை வைச்சிருந்தவர். புத்தளம் தாண்டினாப் பிறகு றோட்டெண்டா அது றோட்டு! பாய் விரிச்ச மாதிரிக் கிடக்குது. கதவு ஒரு மூச்சுக் காட்டேல்லை. சரி, மெல்லமாத்தான் போறன் எண்டு நானும் மிதிச்சுக்கொண்டே இருந்தன். பின்சீற்றிலை செபமாலை உருட்டிக்கொண்டிருந்த மேரி அக்கா யன்னலாலை பார்த்துப்போட்டுக் கேட்டா: “தம்பி, உந்தத் தென்னைமரமெல்லாம் என்னத்துக்கு உந்த ஓட்டம் ஓடுது?”

கருவாட்டுச் சோதனை

ஒரு வளைவு திரும்ப, மரத்துக்குக் கீழை நிண்ட பொலிஸ்காரர் கையைக் காட்டினார். நாங்கள் எங்களுக்குத் தெரிஞ்ச வேலையைச் செய்தம். நான் தூரத்திலேயே வானை நிப்பாட்டி, எஞ்சினை நூத்து, உள் லைற்றைப் போட்டன், அதுவும் பட்டப்பகலிலை! ஆரும் சொல்லாமலே எல்லாரும் இறங்கிச்சினம். ஒரு கையிலை பாக், மற்றக் கையிலை அடையாள அட்டை. ஒருத்தருக்குப் பின்னாலை ஒருத்தரா நடந்துபோய்ப் பொலிஸ்காரருக்கு முன்னாலை வரிசையா நிண்டிச்சினம். விடியத் தொடக்கம் முகமாலையிலையும் ஓமந்தையிலையும் சோதனைக்கு இறங்கி இறங்கி நடந்து வந்த சனம், காலுக்கு அது பழகிப்போச்சுது.

பொலிஸ்காரர் ஒண்டும் விளங்காமல் வானைப் பார்க்கிறார், வரிசையைப் பார்க்கிறார். மேரி அக்கா அவர் கேக்க முதலே பாக்கைத் திறந்து, மகனுக்கெண்டு கட்டின பனங்காய்ப் பணியாரம், ஒடியல், கருவாடு எல்லாத்தையும் நிலத்திலை பரப்பிப்போட்டா. மனிசன் ரெண்டடி பின்னாலை போய் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னார். நடராசா அண்ணை எங்களுக்குத் தமிழிலை சொன்னார்: “வேகத்துக்கு மறிச்சா டிறைவர் மட்டும் இறங்கினாக் காணுமாம், கருவாட்டை ஏன் காட்டுறியள் எண்டு கேக்கிறார்.”

எழுபத்தெட்டு

எழுபத்தெட்டுக் கிலோமீற்றர் வேகத்திலை ஓடினனானாம். கையிலை இருந்த மிசினைத் திருப்பிக் காட்டினார். நான் அதைப் பார்த்தன், வானைப் பார்த்தன். உந்த வானோ? ஆரோ வேற ஆளின்ர கணக்கை என்ர தலையிலை கட்டுறாங்கள் எண்டுதான் முதல் நினைச்சன். பேந்து கதவு சத்தம் போடாத காரணம் மெல்ல மெல்ல மண்டைக்குள்ளை இறங்கிச்சுது. அதுக்கிடையிலை லைசென்ஸை வாங்கித் தன்ர பைக்குள்ளை வைச்சுக்கொண்டு, சிங்களத்திலை எழுதின ஒரு துண்டைத் தந்தார். வழக்குக்குக் கோட்டுக்கு வரவேணுமாம். ராணிக்குச் செய்த சத்தியம் போச்சுது. லைசென்ஸும் இல்லை, இனி வானைத் தொடவும் ஏலாது எண்டு நினைச்சு மரத்து வேரிலை குந்தியிட்டன். அங்கை பிளேன் இறங்கப்போகுது எண்டு மேரி அக்கா அழத் தொடங்கியிட்டா. பொலிஸ்காரருக்கோ, துண்டு குடுத்தாப் பிறகும் இந்தச் சனம் ஏன் போகாமல் நிக்குது எண்டு விளங்கேல்லை. கோட்டு நாள் வரைக்கும் அந்தத் துண்டுதான் லைசென்ஸ் எண்டு அவர் நடராசா அண்ணைக்கு மூண்டுதரம் சொல்லவேண்டி வந்தது.

போற நேரம், உந்தச் சிங்களம் எங்கை படிச்சது எண்டு நடராசா அண்ணையிட்டைக் கேட்டார். அண்ணை கடை இருந்த ஊரைச் சொன்னார். ஏன் விட்டிட்டுப் போனனீங்கள் எண்டு கேட்டார். கலவரத்திலை கடையை எரிச்சதையும் அண்ணை சொன்னார். பொலிஸ்காரர் தொப்பியைக் கழட்டிக் கையிலை வைச்சுக்கொண்டு மெல்லமா ஏதோ சொன்னார். சரி, துண்டைத் திருப்பி வாங்கிக் கிழிக்கப்போறார் எண்டு நான் கையை நீட்டினன். வானுக்குள்ளை ஏறினாப் பிறகுதான் நடராசா அண்ணை சொன்னார்: “பாவம் எண்டு சொன்னவர், தம்பி. ஆனா எழுதினது எழுதினதுதானாம்.”

பாதியிலை நிண்ட டெலிபோன்

பிளேன் பிந்தினபடியால் தப்பினம். பள்ளிக்கூடக் காற்சட்டையோடை போன பெடியன் தாடியும் தொந்தியுமா வந்து நிண்டான். மேரி அக்கா கட்டிப் பிடிச்சு அழுது, சிரிச்சு, பேந்தும் அழுதா. எனக்கும் கண் கலங்கிப்போச்சுது. பக்கத்துக் கடையிலை இருந்து ஊருக்குப் போன் எடுத்து, மகன் வந்திட்டான் எண்டு சொன்னா. அதோடை விட்டிருக்கலாம். வான்காரத் தம்பியைப் பொலிஸ் பிடிச்சிட்டுது எண்டும் சொன்னா.

எங்கட ஊரிலை அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு கருத்துத்தான். கேக்கிற ஆக்கள் என்னத்துக்குப் பிடிச்சது எண்டு கேக்கமாட்டினம், எங்கை வைச்சிருக்கினம் எண்டுதான் கேப்பினம். “ஐயோ அக்கா, வேகத்துக்கு எண்டு சொன்னனீங்களோ?” எண்டு கேட்டன். அவ மகனின்ர கையை விடாமலே சொன்னா: “லைன் வெட்டுப்பட்டுப் போச்சு தம்பி, மிச்சத்தை நேரிலை போய்ச் சொல்லுவம்.”

செத்தவீட்டுக் கதிரை

திரும்பிச் சரவணைக்கு வந்தா, என்ர படலைக்கு வெளியிலை சனம். வீட்டு முத்தத்திலை செத்தவீட்டுக்குப் போடுற மாதிரிக் கதிரை போட்டிருக்குது. ஊர் விதானையார் என்னை விடச்சொல்லி ஆருக்கோ பெட்டிசம் எழுதிக்கொண்டிருக்கிறார். ராணி குசினி வாசலிலை நிண்டவ. ஓடி வந்து என்ர முகத்தைத் தடவி, கையைத் தடவி, முதுகைத் திருப்பிப் பார்த்து, ஒரு காயமும் இல்லையெண்டு கண்டாப் பிறகு தோளிலை ஓங்கி ஒரு அடி போட்டா. “சத்தியம் பண்ணிப்போட்டெல்லோ போனனீங்கள்!”

வேகமா ஓடினதுக்குத்தான் பிடிச்சது எண்டு நான் சொல்லச் சொல்ல ஒருத்தரும் நம்பேல்லை. துண்டு கைமாறிக் கைமாறிப் போச்சுது, சிங்களம் வாசிக்க ஆளில்லை. அதிலை என்னத்தை எழுதியிருக்கிறாங்களோ எண்டு ஒருத்தரை ஒருத்தர் பார்க்கினம். விதானையார் எழும்பி வந்து வானை ஒருக்காச் சுத்திப் பார்த்தார், ரயரைக் காலாலை தட்டினார், என்னைத் தனியக் கூப்பிட்டு மெல்லமாக் கேட்டார்: “இந்த வான் வேகமா ஓடினதோ? தம்பி, எனக்கெண்டாலும் உண்மையைச் சொல்லும்.”

கோட்டு வாசல்

கோட்டுக்குத் தனிய விடமாட்டன் எண்டு ராணியும் வெளிக்கிட்டா. “நீர் வந்து என்ன செய்யப்போறீர்?” எண்டு கேட்டன். “ஆர் கொண்டுபோகினம் எண்டு நான் பார்க்கவேணும்” எண்டா. பஸ்ஸிலை ஒரு பாக்கை மடியிலை வைச்சுக்கொண்டு இருந்தவ, தேத்தண்ணிக்கு இறங்கேக்குள்ளையும் அதைக் கையாலை விடேல்லை. கோட்டிலை பேரைக் கூப்பிட்டிச்சினம். தமிழ் தெரிஞ்ச ஒருத்தர், ஒத்துக்கொள்ளுறீங்களா எண்டு கேட்டார். ஓம் எண்டன். தண்டத்தைக் கட்டச் சொல்லி, லைசென்ஸை நீட்டிச்சினம். நான் நிமிந்து நிக்க முதல் அடுத்த ஆளைக் கூப்பிட்டாச்சு.

வெளியிலை வர ராணி கேட்டா, “முடிஞ்சுதோ? இனிக் கூப்பிடமாட்டினமோ?” இல்லையெண்டன். லைசென்ஸைப் பத்திரமா வைப்பம் எண்டு பாக்கைத் திறந்தா. உள்ளுக்கை என்ர சாரம், துவாய், சவுக்காரம், பல்லுத் தேய்க்கிற பிறஸ், என்ர இழுப்பு வருத்தத்துக்கு ஒரு மாதத்துக்குக் காணக்கூடிய குளிசை. என்னை உள்ளுக்குப் போடுவாங்கள் எண்டு கட்டிக்கொண்டு வந்திருக்கிறா. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனா அவ கோட்டுப் படியிலை குந்தியிருந்து அழத் தொடங்கினா. தமையனைக் காணேல்லை எண்டு செய்தி வந்த அண்டைக்குக்கூட அப்பிடி அழேல்லை. ஏதோ பெரிய வழக்கிலை தோத்த ஆக்கள் எண்டு போற வாற சனமெல்லாம் எங்களைப் பார்க்குது. நான் பக்கத்திலை இருந்து கையைப் பிடிச்சன். மூக்கைத் துடைச்சுக்கொண்டு அவ சொன்னா: “அண்ணாவும் வான் ஓடப் பழகியிருக்கலாம். வேகமா ஓடினவன் எண்டு பிடிச்சிருந்தா, ஒரு துண்டைக் குடுத்து, வாற திகதியையும் சொல்லி விட்டிருப்பாங்கள்.”

ஆக, ஹயர் ஓடுற சகோதரங்களே, பொலிஸ் எங்களை உண்மையாச் செய்த குற்றத்துக்கு மட்டும் பிடிச்சா, கோயிலுக்குப் போய் நேர்த்தி தீர்த்துப்போட்டு வரவேண்டிய ஆக்கள் நாங்கள்.